பனி நாட்டில் மந்தை மேய்வது எவ்வாறு?

நம் சங்கங்களின் நெசவாள உறுப்பினர்கள் பஷ்மினா நூலைப் பற்றி அடிக்கடி கேட்கின்றனர். ஒரு சால்வை பல ஆயிரம் ரூபாய்க்கு விலை போகிறதே, அந்நூலில் அப்படி என்ன விசேஷம் என்பது அவர்கள் கேள்வி. பயிர்த்தொழில் செய்யும் உறுப்பினர்கள் கேட்பது வேறு. தை மாதத்தில் கேட்பாரற்றுக் கிடந்த வைக்கோல் சித்திரையில் ஏன் கைக்கெட்டாத பொருளாகிவிடுகிறது என்று கேட்கின்றனர். இவ்விரண்டு கேள்விகளையும் ஒரே கட்டுரையில் எடுத்துக்கொள்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டில் சில மாதமே புல் முளைக்கும் பனி நாடுகளில் ஆடும் மாடும் எவ்வாறு உயிர் பிழைக்கின்றன என்பதை அறிந்தால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு தானே விளங்கும்.

இமயத்துக்கு வடக்கே, லடாக்கின் கிழக்குப் பகுதியில் தொடங்கித் திபெத்துக்குள் நெடுந்தூரம் பரந்து கிடக்கும் மேட்டுநிலத்துக்குச் சாங்தாங் என்று பெயர். கடல்மட்டத்துக்கு மேல் 13,000 அடிக்கும் உயர்ந்த பிரதேசம் அது. நம் கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது என்பதை நினைவிற் கொண்டால், அவ்வுயரத்தை ஒருவாறு ஊகிக்கலாம். மரம் கிடையாது. மழை மிகச் சொற்பம். குளிர்காலத்தில் நீர் உறையும் நிலைக்குக் கீழே 30 பாகைக்கும் குளிர் இறங்குவதுண்டு. இங்கே சாங்பா என்னும் மக்கள் வெள்ளாடு, செம்மறி, சடையெருமை எனப்படும் யாக் ஆகியவற்றை வளர்த்து வாழ்கின்றனர். நம் இலக்கியங்களில் வரும் கவரிமா இந்த யாக்கே என்று கொள்வாரும் உண்டு. அவ்வாராய்ச்சி நமக்கு இங்கே வேண்டுவதில்லை.

1986 முதல் 1988 வரை கோல்ட்ஸ்டீன், பீல் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் திபெத்தின் மேற்குப் பகுதியில் பாலா என்னுமிடத்து மேய்ப்பர்களோடு தங்கி, அவர்களுடைய ஆண்டுச் சுழற்சியைக் கவனித்து எழுதினர். அங்கே புல் வளர்வது மே மாத அளவில் தொடங்கிச் செப்டம்பர் நடுவில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஏழெட்டு மாதமும் புதிதாக ஓர் இதழ் புல்லும் முளைப்பதில்லை. நின்றபடியே காய்ந்துபோன பழம்புல்லைத்தான் மந்தை மேய்ந்தாக வேண்டும். நாம் அறுத்துப் போர் வைத்து உண்டாக்கும் வைக்கோலை அங்கே குளிரும் காற்றும் நிலத்தில் நின்றவாறே உண்டாக்கிவிடுகின்றன எனலாம்.

ஆயினும் பசும்புல்லும் காய்ந்த புல்லும் ஒன்றாகா. இளம்புல்லில் புரதச் சத்து மிகுதி, நார் குறைவு. பருவம் முடிந்ததும் புல் தன் சத்தையெல்லாம் வேருக்கு இறக்கி வைத்துக்கொள்கிறது. நிலத்தின்மேல் நிற்பது பெரும்பாலும் நாரே. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருந்து நாரைச் செரிக்கச் செய்கின்றன. அந்நுண்ணுயிர்கள் செவ்வனே வேலை செய்ய, தின்னும் தீவனத்தில் நூற்றுக்கு ஆறேழு பங்காவது புரதம் இருத்தல் வேண்டும். காய்ந்த மலைப்புல்லிலும் நம் நெல் வைக்கோலிலும் அதில் ஏறக்குறையப் பாதியே உள்ளது. எனவே வயிறு நிறைந்திருந்தும் உடல் இளைக்கும். நம் மாடுகளைப் பங்குனி, சித்திரையில் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

இக்குறையை விலங்குகள் தாங்கிக்கொள்ளும் முறை வியக்கத்தக்கது. பசுமை உள்ள மாதங்களில் அவை இரவு பகல் பாராது மேய்ந்து உடலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கின்றன. குளிர்காலத்தில் அந்தச் சேமிப்பிலிருந்து நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவிடுகின்றன. வசந்தம் வருவதற்குள் யாக் தன் எடையில் நாலில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். அதை நோய் என்று கொள்ளலாகாது. ஆண்டுதோறும் நிகழும் வரவு செலவு அது. ஐரோப்பியச் செம்மானைக் கொட்டிலில் அடைத்து வேண்டிய மட்டும் தீனி வைத்தாலும், குளிர்காலத்தில் அது குறைவாகவே தின்னும். பகற்பொழுது குறுகுவதை உடல் உணர்ந்து, பசியையும் நடமாட்டத்தையும் தானே அடக்கிக்கொள்கிறது. தேடியலைந்து பெறும் காய்ந்த புல்லின் சத்தைவிட, அலைவதில் செலவாகும் சத்து மிகுமானால், அலையாதிருப்பதே ஆதாயம் அல்லவா? மேலும், நார் இரைப்பையில் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. இவ்விலங்குகள் வயிற்றுக்குள் ஓர் அடுப்பைச் சுமந்து திரிகின்றன என்றே சொல்லலாம். அதற்கு விறகு, காய்ந்த புல்.

பஷ்மினாவும் இச்சேமிப்பு முறையைச் சேர்ந்ததே. கோடை கழிந்து பகல் குறையத் தொடங்கியதும், சாங்தாங் வெள்ளாட்டின் முரட்டு மேல்மயிருக்கு அடியில் மெல்லிய அடிமயிர் வளர ஆரம்பிக்கிறது. அதன் பருமன் 12 முதல் 15 மைக்ரான். மனிதத் தலைமயிரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. குளிர் நீங்கியதும் ஆடு அதை உதிர்த்துவிடும். உதிரும் தறுவாயில் மேய்ப்பர்கள் சீப்பால் வாரி எடுக்கின்றனர். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை கால் கிலோ அளவில் கிடைக்கும். அதிலும் மேல்மயிரையும் அழுக்கையும் நீக்கினால் நூற்கத்தக்கது பாதிக்கும் குறைவே. காஷ்மீரத்தில் இதைக் கையால் நூற்று, பாவுக்கு அரிசிக் கஞ்சி ஏற்றி நெய்கின்றனர். கஞ்சி ஏற்றும் வேலை நம் செல்லூர்த் தறிக்காரர்களுக்கு அன்னியமன்று. நூலின் விலைக்குக் காரணம் கேட்ட அன்பர்கள் இக்கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆட்டை இங்கே கொண்டுவந்து வளர்த்தால் என்ன என்றும் சிலர் கேட்பதுண்டு. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்பவனுடைய கதிதான் அதற்கும் நேரும்.

இனி, பனி விழுந்தபின் மேய்ச்சல் எவ்வாறு நடக்கிறது என்பதைக் காண்போம். பனி நிலத்தை மூடியவுடன் புல் அழிந்துவிடுவதில்லை, மறைந்துதான் இருக்கிறது. அதை எடுக்க ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வழி உண்டு. குதிரை முன்குளம்பால் பனியைத் தோண்டும். அமெரிக்கப் பெருவெளியின் காட்டெருமை தலையை இருபுறமும் வீசி, முகத்தாலேயே பனியைத் தள்ளும். யாக் நீண்ட புல்லை நாக்கால் வளைத்துப் பறிக்கும். குட்டைப் புல்லை உதட்டாலும் முன்பல்லாலும் கொறிக்கும். ஆட்டுக்கு ஆழமான பனியைத் தோண்டும் வலிமை இல்லை. ஆகவே மங்கோலிய நாட்டு மேய்ப்பர்கள் முதலில் குதிரைகளை ஓட்டி, அவை பனியைக் கிளறிப் போன வழியில் ஆடுகளை விடும் வழக்கம் கொண்டுள்ளனர். வலியது திறந்த வழியில் எளியது பிழைக்கிறது.

வடதுருவத்தை அடுத்த நாடுகளின் கலைமான் இவற்றிலும் ஒருபடி மேல். நம் வீடுகளில் மசாலையில் சேர்க்கும் கல்பாசியின் இனத்தைச் சேர்ந்த பாசிகளே அதற்குக் குளிர்கால உணவு. பனிக்குள் புதைந்திருக்கும் பாசியை மோப்பத்தால் அறிந்து குழி தோண்டித் தின்னும். மான் வகைகளுள் கலைமானில் மட்டுமே பெட்டைக்கும் கொம்பு உண்டு. ஆண் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிட, சினைப்பெட்டை கன்று ஈனும் வரை வைத்துக்கொள்கிறது. தான் தோண்டிய குழியைப் பிறர் பறியாமல் காப்பதற்கு அது உதவுகிறது. உழைத்தவருக்கே விளைவு என்னும் விதி அங்கும் ஒருவாறு செல்லுகிறது போலும்.

இவ்விலங்குகளுக்குக் குளிரைவிடக் கொடிய பகை ஒன்று உண்டு. அது குளிர்காலத்து மழை. பனியின்மேல் மழை பெய்து, உடனே உறைந்தால், நிலத்தின்மேல் கண்ணாடிப் பாளம்போல் பனிக்கட்டி மூடிவிடும். குளம்பும் பயன்படாது, மோப்பமும் எட்டாது. 2013 நவம்பரில் ருஷ்யாவின் வடக்கே யமால் தீபகற்பத்தில் இவ்வாறு நேர்ந்தபோது ஏறத்தாழ 61,000 கலைமான்கள் பட்டினியால் மடிந்தன. புல்லும் பாசியும் காலுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் இருக்கவே இது நடந்தது. துருவப் பகுதி வெப்பமடைந்து வருவதால் இத்தகைய மழை மேலும் அடிக்கடி பெய்யக்கூடும் என்று விஞ்ஞானிகள் அஞ்சுகின்றனர்.

மறுபடியும் சாங்தாங்குக்கு வருவோம். மேய்ப்பர்களின் அறிவு, விலங்கின் அறிவைவிடக் குறைந்ததன்று. கோடையில் எங்கும் பசுமை இருக்கையில், ஒரு குறிப்பிட்ட பகுதியை மந்தை மிதிக்காமல் விட்டுவைக்கின்றனர். அங்கே புல் முற்றி, விதை உதிர்த்து, நின்றபடி காயும். குளிர்காலத்துக்கு அதுவே இருப்பு. வெயில் நன்றாகப் படும் தெற்குச் சரிவுகளும், காற்று பனியை அடித்துச் செல்லும் மேடுகளும் குளிர்காலத்துக்கு உகந்தவை என்பதையும் அறிந்திருக்கின்றனர். எப்போது, எந்தக் குடும்பம், எந்த மேய்ச்சல் நிலத்துக்குச் செல்வது என்பதை ஊர்த் தலைவரான கோபா ஊராரோடு கூடித் தீர்மானிக்கிறார். இவ்வேற்பாடு இல்லையேல் முந்தியவன் மந்தை இருப்பைத் தின்றுவிடும். பிந்தியவன் மந்தை பங்குனிக்கு முன்பே சாயும். ஒருவன் மட்டும் ஒழுங்காயிருந்து பயனில்லை. பொதுமேய்ச்சலில் எல்லாரும் கட்டுப்பட்டாலன்றி எவருக்கும் இருப்பு நிற்காது.

இடையில் நெசவாள அன்பர்களுக்காக ஒரு செய்தி. சாங்பா மக்களில் ஆண் பெண் இருபாலாரும் நெய்கின்றனர். பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் தறியிலும், ஆண்கள் விழுது நிலையாக அமைந்த தறியிலும் நெய்வது ரூப்ஷுப் பகுதியின் வழக்கம். யாக்கின் முரட்டு மயிரால் நெய்த கறுப்புக் கூடாரமே அவர்கள் வீடு. மந்தையோடு வீடும் நகரும்.

இவ்வொழுங்குக்கும் இடையூறுகள் நேர்ந்துள்ளன. 1962இல் சீனாவுடன் நிகழ்ந்த போரையொட்டி எல்லை அடைபட்டது. அக்காலத்தில் திபெத்திலிருந்து அகதிகள் தங்கள் மந்தைகளோடு வந்து சேர்ந்தனர். மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று. மேயும் வாய்கள் பெருகின. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குட்டி ஈனும் பருவத்தில் பெரும்பனி கொட்டி இருப்பு நிலங்களைப் புதைத்தபோது, சாங்தாங்கில் ஏறத்தாழ 25,000 ஆடுகள் மடிந்தன. அவற்றுள் மிகுதியும் குட்டிகள். உணவின்றி இளைத்த தாயிடம் பால் இராது என்பதைச் சொல்ல வேண்டுமா? பஷ்மினா வளர்ப்போருக்கென்று லேயில் ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கம் இயங்கி வருகிறது. வாரிய மயிரைத் திரட்டி, மேல்மயிரை எந்திரத்தால் பிரித்து விற்பது அதன் பணி. விற்பனைக்குச் சங்கம் வேண்டும் என்பதை எல்லாரும் எளிதில் ஒப்புக்கொள்கின்றனர். தீவனத்துக்கும் சங்கம் வேண்டும் என்பது பஞ்சம் வந்தபின்தான் நினைவுக்கு வருகிறது. இது லடாக்குக்கு மட்டும் உரிய குறை என்று நாம் கருதவில்லை.

மங்கோலிய நாட்டின் அனுபவம் இதைத் தெளிவாக்கும். அங்கே மந்தைகளைக் கொல்லும் கொடுங்குளிர்காலத்தை ஜுட் என்பர். ஆழமான பனி விழுந்தால் வெள்ளை ஜுட். பனியே விழாமல், உருக்கிக் குடிக்க நீரும் இன்றிப் போனால் கறுப்பு ஜுட். பனிக்கட்டிப் பாளம் மூடினால் இரும்பு ஜுட். 1950களின் இறுதிக்குள் அந்நாட்டு மேய்ப்பர்கள் அனைவரும் நெக்டெல் என்னும் கூட்டமைப்புகளில் சேர்க்கப்பட்டனர். அதில் கட்டாயம் இருந்தது. மந்தையில் பெரும்பகுதி மேய்ப்பனுடையதாக இல்லை. அது நாம் பேசும் கூட்டுறவன்று. ஆயினும் வைக்கோல் இருப்பு, கிணறு, குளிர்காலக் கொட்டில், இடம்பெயர வண்டி ஆகியவற்றை அவ்வமைப்பு ஒழுங்காகக் கவனித்தது. அக்காலத்திலும் ஜுட் வந்தது, சேதமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் நெக்டெல்கள் கலைக்கப்பட்டு, விலங்குகள் குடும்பங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. கலைத்தவர்கள் விலங்கைப் பங்கிட்டார்களேயன்றி, வைக்கோலுக்கும் கிணற்றுக்கும் இனி யார் பொறுப்பு என்பதைத் தீர்மானிக்கவில்லை. வேலையிழந்த நகரத்தாரும் மேய்ப்பராயினர். அடிமயிர்க்கு நல்ல விலை கிடைத்ததால் வெள்ளாடு பன்மடங்கு பெருகிற்று. சாலையோரத்திலும் சந்தையருகிலும் மந்தைகள் குவிந்தன; குளிர்கால இருப்பு நிலம் கோடையிலேயே மேயப்பட்டது. 1999 முதல் 2002 வரை அடுத்தடுத்து மூன்று குளிர்காலங்களில் ஜுட் தாக்கியபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட விலங்குகள் மடிந்தன. 2009–10 குளிர்காலத்தில் மறுபடியும் ஏறக்குறைய ஒரு கோடி; 2023–24இல் 70 லட்சத்துக்கும் மேல். மந்தையைத் தோற்ற குடும்பங்கள் தலைநகரான உலான்பாத்தரின் புறத்தே கூடாரமடித்துக் கூலி வேலை தேடின.

2006இல் அந்நாடு ஒரு புதுவகை இன்ஷூரன்ஸைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. ஒருவனுடைய ஆடு எத்தனை செத்தது என்று எண்ணி இழப்பீடு தருவதில்லை. அந்த வட்டாரம் முழுவதிலும் சேதம் ஒரு வரம்பைத் தாண்டினால், பிரிமியம் கட்டிய எல்லாருக்கும் தொகை கிடைக்கும். தன் மந்தையை நன்கு காத்தவனும் தொகையை இழப்பதில்லை. ஆகையால் சோம்பலுக்கு இடமில்லை. கணக்குப் பார்ப்பவர் என்ற முறையில் இவ்வேற்பாடு நமக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பணம் வந்து சேரும்போது மந்தை போயிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

நம் மாநிலத்திலேயே உறைபனி கண்ட மேய்ச்சல் உண்டு. நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் மார்கழி, தை மாதங்களில் இரவில் உறைபனி விழுந்து, பள்ளத்தாக்குகளின் புல் கருகிப்போகும். குளிர்ந்த காற்று பாரமானது. பள்ளத்தில் வந்து தேங்கும். ஆகவே மேட்டைவிடப் பள்ளத்தில்தான் கருகல் மிகுதி. அவ்வறட்சிக் காலத்தில் தோடர்கள் தங்கள் எருமைகளை ஈரமுள்ள குந்தாப் பக்கத்துப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வது பண்டைய வழக்கம். பின்னர் அப்புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை மரத்துக்கும் தைல மரத்துக்கும் இரையாகிவிட்டது. அதே உயரங்களில் வாழும் நம் மாநில விலங்கான வரையாட்டுக்கும் புல்வெளிதான் உயிர். 2024இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் காணப்பட்டன.

மதுரைச் சீமையில் பனியில்லை. ஆனால் புல் முளைக்காத காலம் நமக்கும் உண்டு. மாசி முதல் ஆடி வரையிலான கோடைதான் நம் மந்தைகளுக்குக் குளிர்காலம். முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தனர். புலிக்குளம் மாட்டு மந்தைகளும் செம்மறிக் கிடைகளும் அறுவடை முடிந்த வயல்களில் தாளை மேய்ந்து, உரத்துக்காக வயலில் கிடை போட்டு, பயிர் ஏறியதும் மலையடிவாரத்துக்கும் மானாவாரி நிலங்களுக்கும் நகர்ந்தன. வருசநாட்டு மலைப்பக்கம் மலைமாடுகள் காட்டில் மேய்ந்தன. இன்று அவ்வழி குறுகிவிட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்து, பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. காட்டைக் காக்க வேண்டியதும் நியாயமே. மாட்டுக்காரன் எங்கே போவது என்பதும் நியாயமான கேள்வியே. கோச்சடையிலோ, வைகைக் கரையில் மேலக்கால் சாலையை ஒட்டி நெல் விளைந்த வயல்கள் பெரும்பாலும் வீட்டுமனைகளாகிவிட்டன. மாடு மட்டும் சில வீடுகளில் நிற்கிறது.

ஆகவே நம்மிடம் எஞ்சியுள்ள இருப்பு வைக்கோல்தான். எந்திர அறுவடைக்குப் பின் வயலிலேயே உருளைக் கட்டுகளாகக் கட்டி, லாரியில் ஏற்றிக் கேரளம் வரை அனுப்பிவிடுகிறோம். தையில் விற்றவரே சித்திரையில் வாங்கச் செல்வதை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். பால் சங்கமும் விவசாயக் கடன் சங்கமும் ஒரே ஊரில் இருந்தும், உறுப்பினர் வைக்கோலை அறுவடைக் காலத்தில் வாங்கி அடுக்கிவைத்துக் கோடையில் அடக்க விலைக்குக் கொடுப்பதற்கு எத்தனை சங்கங்கள் முன்வருகின்றன? கிடங்கு வேண்டும், தீ பயம் உண்டு என்று சொல்வர். இரண்டும் மெய்யே. மேட்டு நிலத்தில் கல் பரப்பி, மின்கம்பிக்கும் அடுப்புக்கும் விலகிய இடத்தில், ஒரே பெரும்போராக அன்றிச் சில சிறு போர்களாகப் பிரித்து அடுக்கினால் அச்சம் பெரிதும் குறையும்.

வைக்கோலின் குறையான புரதத்தை ஏற்றவும் வழியுண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, படலம் படலமாகப் பரப்பிய வைக்கோலின்மேல் சீராகத் தெளித்து, நன்றாக மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். புரத அளவு ஏறத்தாழ இருமடங்காகும், நாரும் இளகும். திறந்தபின் அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து, நெடி போகும்வரை சிறிது நேரம் ஆறவிட்டுக் கொடுக்கலாம். முதல் சில நாள் சாதா வைக்கோலோடு கலந்து பழக்குதல் நன்று. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கலாகாது. யூரியாக் கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆதலால் கரைத்த தொட்டியை அப்போதே கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும்.